எட்டாத இடத்து என்ஜின் சென்சார்: பாய்மரப் படகில் மாற்றும் முறை

பாய்மரப் படகின் டீசல் என்ஜின் பெரும்பாலும் கேபின் படிக்கட்டுக்குப் பின்னால், சுற்றிலும் பலகை அடைத்த பெட்டிக்குள் இருக்கும். முன்பக்கத்து பெல்ட் கைக்கு எட்டும். ஆயில் பிரஷர் சுவிட்சும் வெப்பநிலை சென்சாரும் அப்படி இருப்பது அபூர்வம். பல என்ஜின்களில் அவை பிளாக்கின் மறுபக்கத்தில், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலேயோ, ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கும் (கூலன்டைக் கடல்நீரால் குளிர்விக்கும் பாகம்) பலகைச் சுவருக்கும் நடுவிலோ இருக்கும். வெளியே வைத்த என்ஜினில் பத்து நிமிடத்தில் முடியும் வேலை, படகுக்குள் அரை நாளை விழுங்கிவிடும். அவசரப்பட்டு மரையை முறித்துக்கொண்டால் அதற்கும் மேல்.

இந்த வழிகாட்டி முதல் முறை இதில் கை வைப்பவர்களுக்கு. இரண்டு முதல் நான்கு சிலிண்டர் வரையுள்ள, 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் சாதாரண இன்போர்டு (படகுக்குள் பொருத்திய) டீசல் என்ஜினை மனதில் வைத்து எழுதியது. இரண்டு விஷயங்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சென்சார்தான் கெட்டது என்று உறுதியாகும் வரை ஸ்பேனரை எடுக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மல்லுக்கட்டுவதைவிட, வழியில் நிற்கும் பாகத்தைக் கழற்றி வைப்பதே எப்போதும் சீக்கிரம் முடியும்.

சுவிட்சா, செண்டரா?

பேனலில் விளக்கும் பஸ்ஸரும் மட்டும் இருந்தால் என்ஜினில் இருப்பது சுவிட்ச். முள் காட்டும் கேஜ் இருந்தால் அங்கே செண்டர், அதாவது கேஜுக்கு அளவை அனுப்பும் சென்சார், இருக்கும். இரண்டும் உள்ள படகுகளில் இரண்டு தனிப் பாகங்கள் இருக்கலாம். அல்லது இரண்டு வேலையையும் செய்யும் ஒரே பாகம் இருக்கலாம். விடிஓ தயாரிக்கும் இத்தகைய செண்டர்களில் ஜி என்று பொறித்த முனை கேஜுக்கும், டபிள்யூ.கே. என்று பொறித்த முனை எச்சரிக்கை விளக்குக்கும் போகும். இந்த இரண்டு வயரையும் மாற்றிப் போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

ஆயில் பிரஷர் சுவிட்ச் அழுத்தம் இல்லாதபோது மூடியிருக்கும். அதாவது வயரை எர்த்துடன் (பாட்டரி நெகட்டிவுடன் இணைந்த என்ஜின் பிளாக்குடன்) இணைத்து விளக்கை எரிய வைக்கும். அழுத்தம் ஏறியதும், பெரும்பாலும் 0.3 முதல் 0.6 பாருக்குள், திறந்துகொள்ளும். வெப்பநிலை சுவிட்ச் இதற்கு நேர் எதிர்: குளிர்ந்திருக்கும்போது திறந்திருக்கும், அளவுக்கு மீறிச் சூடானால் மூடும். நன்னீர் (கூலன்ட்) சுற்றும் என்ஜின்களில் அந்தச் சூடு 95 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். கடல்நீரையே நேரடியாகச் சுற்றவிடும் பழைய என்ஜின்களின் சுவிட்ச் இதைவிட வெகு குறைந்த சூட்டிலேயே மூடும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுவிடாதீர்கள்.

செண்டர் என்பது மாறும் மின்தடை. வெப்பநிலை செண்டரின் தடை, சூடு ஏற ஏற இறங்கும். ஐரோப்பிய வகை விடிஓ செண்டர் ஒன்று 60 டிகிரியில் சுமார் 134 ஓம், 90 டிகிரியில் சுமார் 51 ஓம், 100 டிகிரியில் சுமார் 38 ஓம் காட்டும். ஆயில் பிரஷர் செண்டரில் ஐரோப்பிய வகை பூஜ்ய அழுத்தத்தில் 10 ஓம், உச்சத்தில் சுமார் 180 ஓம். அமெரிக்க வகை தலைகீழ்: பூஜ்யத்தில் 240 ஓம், உச்சத்தில் 33 ஓம். ஒன்றின் கேஜுடன் மற்றொன்றின் செண்டரைப் போட்டால், என்ஜின் நின்றிருக்கும்போது முள் உச்சத்தில் போய் நிற்கும். அல்லது எதிலும் சேராத ஓர் எண்ணைக் காட்டும்.

கோளாறு சென்சாரில்தானா?

படகில் ஈரமும் உப்பும் ஓயாது. சென்சார் கெடுவதற்கு வெகு முன்பே அதன் மேல் செருகிய டெர்மினல் பச்சைப் பூத்துவிடும். எனவே முதலில் அந்த வயரைக் கழற்றி, முனையை உரசிச் சுத்தம் செய்து, திரும்பப் போட்டுப் பாருங்கள். கோளாறு இதிலேயே தீர்ந்துபோவது நிறைய உண்டு.

தீரவில்லையா? ஒற்றை வயர் சென்சார்களுக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். சென்சாரின் வயரைக் கழற்றி எதிலும் படாமல் பிடியுங்கள்: ஆயில் விளக்கு அணைய வேண்டும், வெப்பநிலை கேஜ் குளிர்ந்த பக்கம் சாய வேண்டும். இப்போது அதே வயரின் முனையைப் பிளாக்கில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் ஒரு நொடி தொடுங்கள்: விளக்கு எரிய வேண்டும், வெப்பநிலை முள் உச்சத்துக்கு ஓட வேண்டும். இப்படி நடந்தால் வயர், பேனல், எர்த் மூன்றும் நன்றாக இருக்கின்றன. சந்தேகம் சென்சார் மேல்தான். நடக்காவிட்டால் வயரிலோ, பேனலுக்குப் பின்னால் உள்ள இணைப்பிலோ, என்ஜினையும் பாட்டரி நெகட்டிவையும் இணைக்கும் தடித்த கேபிளிலோ கோளாறு இருக்கிறது. புதுச் சென்சார் வாங்கினாலும் பயன் இருக்காது. ஆயில் பிரஷர் கேஜுக்கு இதே சோதனையைச் செய்யும்போது மேலே சொன்ன வேறுபாட்டை நினைவில் வையுங்கள்: எர்த்தில் தொட்டால் ஐரோப்பிய வகை பூஜ்யத்துக்கு வரும், அமெரிக்க வகை உச்சத்துக்குப் போகும்.

மின்னணுக் கட்டுப்பாடு உள்ள புதிய என்ஜின்களில் மூன்று வயர் சென்சார்கள் இருக்கும். அவற்றுக்கு 5 வோல்ட் வருகிறது. அந்த வயர்களை எர்த்தில் தொடவே கூடாது. அங்கே பிழைக் கோட் படிக்கும் கருவியைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் தவிர்க்கக் கூடாது. ஆயில் அலாரம் அடிக்கிறது என்றால் ஆயில் அழுத்தம் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயிலில் டீசல் வாடை வருகிறதா, அளவு கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். டீசல் கலந்து நீர்த்த ஆயிலும் அழுத்தத்தை இறக்கும். சந்தேகம் மிஞ்சினால், சுவிட்சைக் கழற்றிய துளையில் இயந்திர வகை பிரஷர் கேஜ் ஒன்றைத் திருகி என்ஜினை ஓட்டி நேரடியாக அளந்துவிடுங்கள். கேஜ் விலை குறைவானது; பேரிங்குகள் அப்படியல்ல. வெப்பநிலைக்கு, தெர்மோஸ்டாட் உறையின் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டலாம். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும் என்பதால், கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அளங்கள்.

சென்சாரையே மல்டிமீட்டரால் சோதிக்கலாம். நின்றிருக்கும் என்ஜினில் ஆயில் சுவிட்சின் முனைக்கும் பிளாக்குக்கும் இடையே கிட்டத்தட்ட 0 ஓம் இருக்க வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

என்ஜினின் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் கொடுத்து உற்பத்தியாளரின் பாக எண்ணைக் கேட்பதே பாதுகாப்பான வழி. பொருந்தும் என்று சொல்லி விற்கும் பாகத்தை வாங்குவதானால் மரையை நீங்களே உறுதி செய்ய வேண்டும். ஜப்பானிய என்ஜின்களில் பெரும்பாலும் 1/8 பி.எஸ்.பி.டி. மரை இருக்கும், அமெரிக்கப் பாகங்களில் 1/8 என்.பி.டி.; ஐரோப்பியப் பாகங்கள் சிலவற்றில் எம்10, 1 மி.மீ. இடைவெளி. 1/8 என்ற எண்ணைப் பார்த்து 3 மி.மீ. துளையைத் தேடாதீர்கள், அது குழாய்க் கணக்கு. அளந்தால் மூன்றுமே 10 மி.மீ. அளவில்தான் வரும்.

இந்த மூன்றும் ஒன்றில் ஒன்று ஒன்றிரண்டு சுற்று ஏறும். அங்குதான் ஆபத்து. பி.எஸ்.பி.டி.யில் அங்குலத்துக்கு 28 மரை, 55 டிகிரி கோணம், என்.பி.டி.யில் 27 மரை, 60 டிகிரி. விரலால் ஏறியதே என்று ஸ்பேனரைப் போட்டு இறுக்கினால் பிளாக்கின் மரை நசுங்கும், கசிவும் நிற்காது. பழைய சென்சாரையும் புதியதையும் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அவை வேறு வேறு. ஒரு மரை இடைவெளி அளவி கிடைத்தால் இன்னும் தெளிவு.

டெர்மினல் வகையையும் பாருங்கள்: 6.3 மி.மீ. தட்டை முனையா, எம்4 ஸ்டட்டா? காக்பிட்டிலும் (படகை ஓட்டும் திறந்த இடம்) கேபினிலும் இரண்டு கேஜ்கள் இருந்தால் இரட்டை நிலைய செண்டர் வேண்டும். சாதாரணச் செண்டரைப் போட்டால் இரண்டுமே தவறாகக் காட்டும். பழைய சென்சாரில் இரண்டு முனைகள் இருந்து, ஒன்று நெகட்டிவுக்குப் போகிறது என்றால், அந்த என்ஜின் எர்த்திலிருந்து பிரிக்கப்பட்டிருக்கலாம். அலுமினியம், எஃகுப் படகுகளில் இதைக் காணலாம். அங்கே ஒற்றை முனைச் சென்சாரைப் போட்டால் பிளாக் நெகட்டிவுடன் இணைந்து, படகின் உடலையே மின்னரிப்பு தின்னத் தொடங்கும்.

புதுச் சென்சாரைப் படகுக்குள் எடுத்துப் போகும் முன் சோதித்துவிடுங்கள். வெப்பநிலை செண்டரைச் சூடான நீரில் மரை மட்டும் மூழ்கும்படி தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்து, மல்டிமீட்டரால் தடையைப் படியுங்கள். எட்டாத இடத்தில் பொருத்திய பிறகு பெட்டியிலேயே கெட்டிருந்தது என்று தெரிவது பெரிய வேதனை.

தேவையான கருவிகள்

ஆறுமுனை ஆழ சாக்கெட் முதலில் வேண்டும். சென்சாரின் முனை நீட்டிக்கொண்டிருப்பதால் சாதாரண சாக்கெட் அறுகோணம் வரை இறங்காது. அளவு 17 முதல் 27 மி.மீ. வரை எதுவாகவும் இருக்கலாம். புதுச் சென்சாரில் போட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பழையது வேறு தயாரிப்பு என்றால் அளவு மாறும். பன்னிருமுனை சாக்கெட் பித்தளையின் மூலைகளை உருட்டிவிடும். சாக்கெட் நுழைய இடமில்லாத இடத்துக்குக் காக்கைக்கால் ஸ்பேனர், அதோடு நீண்ட எக்ஸ்டென்ஷன்.

இவற்றுடன் தலையில் மாட்டும் விளக்கு, சிறு கண்ணாடி, காந்தக் குச்சி, ஊடுருவும் எண்ணெய், மல்டிமீட்டர், உறிஞ்சும் துணி, வெட்டி எடுத்த ஒரு சாண் நீள எரிபொருள் ரப்பர் குழாய். இந்தக் குழாயின் பயன் பின்னால் வரும். பில்ஜில் (படகின் அடிக்குழியில்) விழுந்த சாக்கெட்டைத் தேடுவதே பாதி நாளைத் தின்னும் என்பதால், சாக்கெட்டுக்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் இடையே டேப் சுற்றுங்கள். ஸ்பேனரில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். என்ஜினுக்கு அடியில் ஒரு பழைய துண்டை விரித்துவிட்டால் விழும் நட்டுகள் அதிலேயே தங்கும்.

வேலைக்கு முன்

என்ஜின் முழுவதும் ஆறட்டும். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறந்தால் கொதிக்கும் நீர் முகத்தில் பீய்ச்சும்.

பாட்டரி ஐசோலேட்டரை (முதன்மைச் சுவிட்சை) அணையுங்கள். ஸ்டார்ட்டர் பாட்டரியின் நெகட்டிவ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்குப் பாட்டரி மின்சாரம் நேராக வருகிறது. சென்சார் அதற்குப் பக்கத்தில் என்றால், ஸ்பேனர் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டு நொடியில் பழுத்துவிடும். சோலார் பேனல் அந்தப் பாட்டரிக்கே நேராக இணைந்திருந்தால் அதையும் பிரிக்க வேண்டும்.

பில்ஜ் பம்ப்பின் தானியங்கி சுவிட்சை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் சிந்தும் கூலன்டும் ஆயிலும் நேராகக் கடலுக்குப் போகும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். தரையில் சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள், நாய் பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து.

கடல்நீர்க் குழாய் எதையாவது கழற்றுவதாக இருந்தால் சீகாக்கை (கடல்நீர் உள்ளே வரும் வால்வை) மூடி, என்ஜின் சாவியை அந்தக் கைப்பிடியிலேயே தொங்கவிடுங்கள். சீகாக்கைத் திறக்காமல் என்ஜினை ஓட்டும் வாய்ப்பு அத்தோடு போய்விடும்.

வழி திறப்பது

கைபேசியை வீடியோவில் வைத்து, விளக்கை எரியவிட்டு, இடுக்குக்குள் நுழைத்து மெல்லச் சுழற்றுங்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் சென்சார் எங்கே, எந்தக் கோணத்தில், எது தடுக்கிறது என்று தெரியும். பிறகு எந்தப் பக்கமிருந்து நுழைவது என்று முடிவு செய்யுங்கள். படிக்கட்டுப் பக்கம் மட்டும் வழி என்று எண்ண வேண்டாம். பின்கட்டிலுக்குப் பக்கத்துப் பலகை, காக்பிட் லாக்கரின் உள்சுவர், சில படகுகளில் காக்பிட் தரையின் மூடி என்று வேறு வழிகளும் இருக்கும். பலகைகள் சில வெறும் திருகாணியில் நிற்கும், பெயின்ட் மூடியிருப்பதால் நிரந்தரம் போலத் தோன்றும்.

அடுத்து, தடுக்கும் பாகம். ஆல்டர்னேட்டர் என்றால் இரண்டு மூன்று போல்ட், ஒரு பெல்ட். காற்று வடிகட்டி என்றால் ஒரு கிளிப். இவற்றைக் கழற்ற எடுக்கும் இருபது நிமிடத்தைச் செலவழிக்கத் தயங்குபவர்கள்தான் மூன்று மணி நேரம் தலைகீழாகத் தொங்குகிறார்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றத்தான் வேண்டும் என்றால் மட்டும் யோசியுங்கள். அதற்குப் புது கேஸ்கெட்டுகளும் ஓ-ரிங்குகளும் கையில் இருக்க வேண்டும். காற்று வடிகட்டியை எடுத்தால் உள்ளிழுக்கும் துளையைத் துணியால் அடையுங்கள். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் என்ஜினின் தலையைத் திறக்க வேண்டிவரும்.

எதைக் கழற்றும் முன்பும் ஒரு படம். வயர்களில் டேப் ஒட்டி எண் எழுதுங்கள்.

கழற்றுதல்

முதல் நாள் மாலையே மரையைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் அடித்து விட்டால் நல்லது. பித்தளைச் சென்சாரும் வார்ப்பிரும்பு பிளாக்கும் வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்திருக்கும்.

வெப்பநிலை சென்சார் கூலன்டில் மூழ்கியிருப்பது. தெர்மோஸ்டாட் உறையின் உச்சியில் இருந்தால் ஒரு லிட்டர் அளவுக்கு வடித்தாலே போதும். தாழ்வாக இருந்தால் இரண்டு வழி: பிளாக்கின் வடிகால் திருகு வழியாக அந்த மட்டம் வரை வடிக்கலாம், அல்லது குளிர்ந்த என்ஜினில் மேல் மூடியைத் திறக்காமலே விட்டு, பழையதை எடுத்ததும் விரலால் அடைத்து, புதியதை உடனே திருகலாம். மூடி அடைத்திருப்பதால் உள்ளே காற்று நுழைய வழியில்லாமல் நீர் மெதுவாகவே வரும். கை நன்றாக எட்டும் இடத்தில் மட்டுமே இரண்டாவது வழியை நாடுங்கள். ஆயில் சுவிட்சுக்கு இந்தக் கவலை இல்லை. நின்றிருக்கும் என்ஜினில் அந்தப் பாதையில் அழுத்தமே இல்லாததால் சில கரண்டி ஆயில்தான் சொட்டும்.

முனையில் நட்டு போட்ட வகை என்றால், மேல் நட்டைத் திருப்பும்போது ஸ்டட்டும் சேர்ந்து திரும்பக் கூடாது. கீழ் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டை அறுகோணத்தில் மட்டும் போடுங்கள். தகரக் குப்பி போன்ற செண்டரின் மேல்பகுதியை இடுக்கியால் பிடித்துத் திருப்பினால், மடித்த விளிம்பு பிரிந்து தகரம் தனியே வரும். மரை உள்ளேயே நிற்கும்.

திருப்பும் முன் ஒரு நூலிழை இறுக்குங்கள். ஒட்டியிருக்கும் துரு அந்த அசைவில் உடையும். பிறகு தளர்த்துங்கள், திரும்பக் கொஞ்சம் இறுக்குங்கள், மீண்டும் தளர்த்துங்கள். கைக்கு ரப்பர் போல இழுக்கும் உணர்வு வந்தால் பித்தளை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்தி மறுபடி எண்ணெய் அடித்துக் காத்திருங்கள். சென்சார் ஒரு டீ (T வடிவ) இணைப்பில் அமர்ந்திருந்தால் அந்த டீயை வேறு ஸ்பேனரால் பிடித்தே ஆக வேண்டும், இல்லையேல் பிளாக்கிலிருந்து டீ முறியும்.

முறிந்துவிட்டால்

பித்தளை மென்மையானது, அது இங்கே உதவும். முறிந்த துண்டின் நடுத் துளையில் சதுர வகை எக்ஸ்ட்ராக்டரை மெல்லத் தட்டி இறக்கித் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். துளை போட வேண்டியிருந்தால் இடதுசுற்று டிரில் பிட் நல்லது. துளையிடும்போதே துண்டு தானாகக் கழன்று வருவதும் உண்டு. பிட்டின் மேல் கிரீஸை அப்பிக்கொண்டு துளையிட்டால் துகள்கள் அதில் ஒட்டும்.

ஆயில் பாதையில் ஒரு துகள்கூடத் தங்கக் கூடாது. அது நேராகப் பேரிங்குக்குப் போகும். துளை திறந்திருக்கும் நிலையில், நெகட்டிவ் கேபிளைத் தற்காலிகமாக மாட்டி, துணியை முன்னால் பிடித்து, ஸ்டாப் கட்டுப்பாட்டை இழுத்து வைத்தபடி ஸ்டார்ட்டரைச் சில நொடி சுற்றினால் ஆயில் துகளை வெளியே தள்ளும். ஆனால் பாய்மரப் படகில் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. என்ஜின் எரியாமல் சுற்றும்போது பம்ப் கடல்நீரை வாட்டர்லாக் மப்ளருக்குள் (புகையோடு வரும் நீர் தேங்கும் பெட்டிக்குள்) தள்ளிக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்றப் புகையின் அழுத்தம் இருக்காது. மப்ளர் நிரம்பினால் நீர் திரும்பி சிலிண்டருக்குள் வரும். ஆகவே சுற்றும் முன் சீகாக்கை மூடுங்கள். சில நொடி உலர்ந்து ஓடினால் பம்ப்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லருக்கு ஒன்றும் ஆகாது.

பொருத்துதல்

துளையின் மரையைப் பிளாஸ்டிக் பிரஷாலும் கூர்மையான மரக்குச்சியாலும் துடையுங்கள். பழைய டெஃப்லான் டேப்பின் இழைகள் மீந்திருந்தால் ஒவ்வொன்றாக எடுங்கள். மரைவெட்டியை இறக்கி மரையைப் புதுப்பிக்கும் ஆசை வரும், கட்டாயம் இல்லாவிட்டால் வேண்டாம். சாய்மரைக்கான (நுனி நோக்கிக் குறுகும் மரைக்கான) மரைவெட்டி ஆழமாக இறங்கினால் துளை அகன்று, சென்சார் இறுகவே இறுகாது.

செம்பு வாஷரோடு வரும் நேர்மரைச் சென்சாருக்கு வேறு எதுவும் பூச வேண்டாம், வாஷர் மட்டும் புதிதாக இருக்கட்டும். சாய்மரைக்கு அடைப்பான் தேவை. திரவ வகைச் சீலன்ட் ஒரு மெல்லிய பூச்சு போதும். டெஃப்லான் டேப் என்றால் மரையின் நுனி உங்களைப் பார்க்கும்படி பிடித்து, முதல் மரையை விட்டுவிட்டு, கடிகார திசையில் இரண்டே சுற்று. அதற்கு மேல் சுற்றினால் இரண்டு தொல்லை: பிய்ந்த இழை ஆயில் பாதைக்குள் போகும், ஒற்றை முனைச் சென்சாருக்கு மரைதான் எர்த் என்பதால் தொடர்பும் கெடலாம். பொருத்திய பின் சென்சாரின் அறுகோணத்துக்கும் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து 0 ஓம் வருகிறதா என்று பாருங்கள். பெரிய எண் வந்தால் டேப்பைப் பிரித்துத் திரவச் சீலன்டுக்கு மாறுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத துளையில் மரையைத் தொடங்கி வைப்பதுதான் இந்த வேலையிலேயே பொறுமை கேட்கும் இடம். இங்கேதான் அந்த ரப்பர் குழாய். சென்சாரின் முனையில் அதை இறுக்கமாகச் செருகி, குழாயின் மறுமுனையை விரலால் சுழற்றுங்கள். குழாய் வளைந்துகொடுப்பதால் சென்சார் தானே நேராக அமரும். முதலில் எதிர் திசையில் மெல்லச் சுற்றுங்கள். மரையின் தொடக்கம் சந்திக்கும்போது ஒரு சிறு 'டக்' விரலில் தெரியும். அதன் பிறகு சரியான திசையில் திருப்புங்கள். கோணல் மரையில் ஏறினால் குழாய் வழுக்கிக்கொண்டு நின்றுவிடும், பிளாக்குக்குச் சேதம் வராது. ஸ்பேனர் இல்லாமல் இரண்டு மூன்று சுற்றாவது ஏறினால்தான் நம்ப வேண்டும்.

பிறகு சாக்கெட். சாய்மரையில் கை இறுக்கத்துக்கு மேல் ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று போதும். அறுகோணம் பிளாக்கைத் தொடும் வரை இறுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். சாய்மரையில் சில மரைகள் வெளியே தெரிவது இயல்பு. என்ஜின் கையேட்டில் முறுக்கு அளவு இருந்தால் அதுவே இறுதி.

வயர்

பழைய டெர்மினலை மறுபடி அமுக்கிப் போடாதீர்கள். வயரைக் கறுப்பு இல்லாத செம்பு தெரியும் வரை வெட்டி, வெள்ளீயம் பூசிய மரைன் வயரில் புது டெர்மினலைக் கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்கைப் போடுங்கள். வெறும் சால்டரை நம்ப வேண்டாம். சால்டர் முடியும் இடத்தில் வயர் விறைத்து, என்ஜின் அதிர்வில் அங்கேயே முறியும். சென்சாருக்குச் சற்று முன்னால் வயர் ஒரு வளைவு தொங்கட்டும்: வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், அதிர்வும் முனையை இழுக்காது. எக்ஸாஸ்ட் எல்போவையும் பெல்ட்டையும் தொடாதபடி கட்டுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

கூலன்டை முன்பிருந்த அதே வகையால் நிரப்புங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் குமிழி நிற்கும் வரை திறந்து வையுங்கள். வெப்பநிலை சென்சார் மாற்றிய பிறகு இது மிக முக்கியம். சென்சாரின் நுனி காற்றுப் பையில் நின்றால் கேஜ் குறைவாகக் காட்டிக்கொண்டே இருக்கும், என்ஜின் அதே நேரத்தில் கொதிக்கும்.

நெகட்டிவை மாட்டுங்கள், சீகாக்கைத் திறங்கள். சாவியை ஆன் செய்ததும் ஆயில் விளக்கும் பஸ்ஸரும் வர வேண்டும். வராவிட்டால் என்ஜினை ஓட்ட வேண்டாம். அந்தப் பாதுகாப்பு இப்போது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஓடத் தொடங்கிய சில நொடியில் இரண்டும் அடங்க வேண்டும், எக்ஸாஸ்டில் நீர் வர வேண்டும். உலர்ந்த வெள்ளைத் தாளைக் குச்சியில் சுற்றிச் சென்சாரின் அடியில் ஒற்றி எடுங்கள். கண் பார்க்க முடியாத கசிவை அது காட்டிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேல் கசிந்தால் அலட்சியம் வேண்டாம். சொட்டும் ஆயில் மோட்டாருக்குள் போகும்.

படகைக் கட்டிய நிலையிலேயே கியர் போட்டு, சுமையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். நன்னீர் சுற்றும் என்ஜின் 75 முதல் 90 டிகிரிக்குள் நிலைக்க வேண்டும். கடல்நீர் நேரடியாகச் சுற்றுவதில் உப்புப் படியாமலிருக்க வெப்பநிலையைக் குறைவாகவே வைத்திருப்பார்கள். அங்கே 50, 60 டிகிரி கண்டு பதற வேண்டாம். ஆறிய பிறகு கூலன்டையும் ஆயிலையும் திரும்பப் பாருங்கள். ஐந்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் அதே வெள்ளைத் தாள் சோதனை இன்னொரு முறை. ஈரம் தெரிந்தால் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் கழற்றி அடைப்பானைப் புதுப்பிப்பதே வழி.

சென்சாரின் பாக எண், மரை வகை, பொருந்திய சாக்கெட் அளவு, எந்தப் பலகையைக் கழற்றினால் வழி கிடைக்கும் என்பது வரை என்ஜின் பதிவேட்டில் எழுதுங்கள், படத்தையும் ஒட்டுங்கள்.

இடத்தையே மாற்றலாமா?

ஆயில் பிரஷருக்கு மாற்றலாம். பிளாக்கின் துளையில் ஒரு இணைப்பைப் போட்டு, உயரழுத்த ஆயில் ஹோஸ் வழியாகச் சுவிட்சையும் செண்டரையும் கைக்கு எட்டும் பலகைக்குக் கொண்டு வரலாம். கனமான செண்டரை டீ இணைப்பில் பிளாக்கிலேயே தொங்கவிடுவதைவிட இது பாதுகாப்பானதும்கூட. அந்த எடை அதிர்ந்து அதிர்ந்து டீயின் கழுத்தை வெடிக்க வைக்கும். பலகைக்கு மாற்றியதும் மரை வழி எர்த் போய்விடும், ஆகவே அங்கிருந்து பிளாக்குக்குத் தனி எர்த் வயர் கட்டாயம். ஹோஸ் எதிலும் உரசாமல் ஓட வேண்டும். தேய்ந்து பிய்ந்தால் முழு ஆயிலும் சில நிமிடத்தில் பில்ஜுக்குப் போகும். வெப்பநிலை சென்சாருக்கு இந்த வழி கிடையாது, அது சூடான நீரில் நேராக நிற்க வேண்டும். அதன் வயரை மட்டும் ஒரு மீட்டர் நீட்டி, இணைப்பைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சோதனைக்காகவாவது இடுக்கில் நுழைய வேண்டியதில்லை.